புகாருக்கும் வெட்டுக்கும் நடுவே: அரிவாள், கஞ்சா, நம்ம ஊர் விவாதம்

பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். பாளையங்கோட்டையில் ஒரு டீக்கடை. பேச்சு முழுக்க திருத்தணி வீடியோவைப் பற்றித்தான். 2025 டிசம்பர் கடைசியில், 17 வயதுப் பையன்கள் நாலு பேர் ஒரு வடமாநிலத் தொழிலாளியை அரிவாளால் வெட்டி, அதை செல்போனில் படமும் பிடித்த சம்பவம். ஏன் வெட்டினார்கள் என்று கேட்டால் சொல்லிக்கொள்ளும்படி ஒரு காரணமும் கிடையாது.

பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர், "எல்லாம் இந்தக் கஞ்சா பண்ணுத வேல. கஞ்சா விக்கவன தூக்குல போட்டா நாளைக்கே எல்லாம் சரியாயிரும்" என்றார். எதிரே இருந்த ஆட்டோக்கார அண்ணாச்சி ஒத்துக்கொள்ளவில்லை. "கஞ்சாவ வுடும். பள்ளிக்கூடத்துப் பயலுக்கு அரிவா எப்படிக் கெடைக்கி? மொதல்ல அத நிப்பாட்டணும்." டீ ஆறும் வரைக்கும் இந்த ரெண்டு கட்சிதான். நான் வாய் திறக்கவில்லை. ஆனால் இரண்டு பேர் சொன்னதும் மண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. காரணம், இதே விவாதத்தை நான் நாங்குநேரிக்குப் பிறகும் கேட்டேன், பாளையங்கோட்டைப் பள்ளிச் சம்பவத்துக்குப் பிறகும் கேட்டேன். வார்த்தை கூட மாறுவதில்லை.

அமெரிக்காவில் ஒரு துப்பாக்கிச் சூடு நடந்தால் ஒரு கூட்டம் துப்பாக்கிச் சட்டத்தைப் பேசும், இன்னொரு கூட்டம் போதையையும் மனநலத்தையும் பேசும். நம்மூரில் துப்பாக்கி இருக்கிற இடத்தில் அரிவாள். மற்றபடி விவாதத்தின் அமைப்பு ஒன்றுதான். நான் சட்டம் படித்தவன் இல்லை, மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். ஆனாலும் இரண்டு வாதத்தையும் சட்டப் புத்தகத்தோடும், நம்ம தாமிரபரணிக் கரையில் நடந்த சம்பவங்களோடும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். அந்தக் குறிப்புகள்தான் இவை.

1. அரிவாள் வாதம்

ஆயுதத்தைத் தடை செய்தால் வன்முறை நிற்கும் என்ற யோசனை நெல்லைக்குப் புதுசு இல்லை. இந்தியாவிலேயே இதற்கு மிகப் பழைய உதாரணங்களில் ஒன்று இந்தச் சீமைதான். 1801ல் பாஞ்சாலங்குறிச்சி இரண்டாம் முறை விழுந்தது. மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1ஆம் தேதி, கவர்னர் எட்வர்ட் கிளைவ் பெயரில் ஒரு பிரகடனம் வந்தது. தென்சீமைப் பாளையக்காரர்களும் சேர்வைக்காரர்களும் குடிமக்களும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், இனி ஆயுதம் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். 1881ல் வெளியான கால்டுவெல்லின் திருநெல்வேலி சரித்திரத்தில் இதைப் பற்றிப் படிக்கலாம்.

அப்புறம் 1878 ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்கள் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. அந்தச் சட்டம் நடப்பில் இருக்கும்போதுதான் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் பிரௌனிங் பிஸ்டலால் சுட்டார். அது அரசியல் கொலை, இங்கே பேசுகிற ரகம் இல்லை. ஆனால் ஒன்று தெரிகிறது: உறுதியோடு திட்டம் போட்டவனைச் சட்டம் முழுசாகத் தடுக்காது. ஆத்திரத்தில் எழுந்தவன் கைக்குத் துப்பாக்கி எட்டாமல் செய்வதுதான் அதனால் ஆகிற காரியம்.

இன்றைக்கு நடப்பில் இருப்பது 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும். துப்பாக்கி விஷயத்தில் இவை கறாரானவை. 2019 திருத்தத்துக்குப் பிறகு லைசென்ஸ் வைத்திருப்பவர்கூட அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான் வைத்துக்கொள்ளலாம். கத்தி, வாள் வகையறாவுக்கும் விதி இருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் உள்ள அலகு என்றால் அது ஆயுதம். ஆனால் கூடவே ஒரு விலக்கு: வீட்டு உபயோகம், விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்யப்பட்டது என்றால் சேராது.

இந்த விலக்கில்தான் நம்ம கதையே இருக்கிறது. பாபநாசத்தில் இருந்து புன்னக்காயல் வரைக்கும் ஆற்றோரம் நெல்லும் வாழையும். தெற்கே போனால் பனை. அரிவாள் இல்லாமல் இங்கே ஒரு நாள் ஓடாது. வாழைத்தார் வெட்ட ஒன்று, பனையில் பாளை சீவ ஒன்று, விறகு பிளக்க, முள் வெட்ட, இளநீர் சீவ என்று ஆளுக்கொன்று. சட்டம் 'எதற்காகச் செய்யப்பட்டது' என்று கேட்கிறது. ஆனால் வெட்டுப்பட்டவனுக்கு அந்தக் கேள்வியால் என்ன பிரயோசனம்?

ஊர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்கார அண்ணாச்சியிடம் இதைக் கேட்டேன். சிரித்தார். "தம்பி, எல்லாமே லாரிப் பட்டைதான். அதே உலை, அதே சம்மட்டி. வாழைக்குன்னு கேட்டா வாழைக்கு அடிச்சுக் குடுக்கேன். அவன் வாழையத்தான் வெட்டுதானான்னு பின்னாலயா போக முடியும்?"

2021 செப்டம்பரில், தென் மாவட்டங்களில் பழிக்குப் பழி கொலைகள் தொடர்ந்தபோது, மாநிலம் முழுக்க போலீஸ் ரவுடிகளைத் தேடிப் பிடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுதங்களைக் கைப்பற்றியது. அப்போது டிஜிபியாக இருந்தவர் சைலேந்திரபாபு. அரிவாள் வாங்க வருபவரின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாம் எழுதி வைக்க வேண்டும், பட்டறையில் கேமரா மாட்ட வேண்டும் என்று பட்டறைக்காரர்களுக்கு அறிவுறுத்தல் போனது. "நோட்டு போட்டேன்லா" என்றார் அண்ணாச்சி. "கொஞ்ச நாள் எழுதுனேன். வெட்டணும்னு நெனைக்கவன் வீட்டுலயே அரிவா கெடக்கும் தம்பி. அவன் எதுக்கு எங்கிட்ட வந்து பேரச் சொல்லி வாங்குதான்?"

இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஒரு கருவி எல்லார் வீட்டிலும் ஏற்கெனவே இருக்கிறது என்றால், புதிதாக விற்பதைக் கட்டுப்படுத்தி என்ன ஆகும்? கொஞ்சம் ஆகும், கூலிப்படைக்கு மொத்தமாக அடித்துக் கொடுப்பது குறையலாம். ஆனால் பள்ளிக்கூடப் பையன் பைக்குள் வருவது வீட்டு அரிவாள் என்றால், இந்த நோட்டு அவனைத் தடுக்காது.

சரி, அப்படியென்றால் ஆயுதச் சட்டமே வீண்தானா? இல்லை. இங்கே அரிவாள் கட்சிக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். 2012 டிசம்பர் 14ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். அன்று சீனாவின் ஹெனான் மாகாணத்தில் சென்பெங் என்ற கிராமத்தில் ஒருவன் கத்தியோடு பள்ளிக்குள் புகுந்து இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் குத்தினான். ஒரு குழந்தைகூடச் சாகவில்லை. அதே நாள் அமெரிக்காவில் சாண்டி ஹூக் தொடக்கப்பள்ளியில் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்தான். 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் செத்தார்கள். வெறி இரண்டு இடத்திலும் இருந்தது. கையில் இருந்தது வேறு.

நாங்குநேரியில் அந்தப் பிள்ளைகள் இன்று உயிரோடு இருப்பதற்கு நல்ல வைத்தியம் ஒரு காரணம். வந்தவர்கள் கையில் துப்பாக்கி இல்லை என்பது இன்னொரு காரணம். நம்ம நாட்டில் துப்பாக்கிச் சட்டம் தினமும் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கிறது. தடுத்த சாவு செய்தியில் வராது, அதனால் அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே என் முடிவு இது: துப்பாக்கிக் கட்டுப்பாட்டைத் தொடக்கூடாது. அரிவாளுக்கும் அதே மருந்து பலிக்கும் என்று நினைப்பதுதான் தப்புக் கணக்கு.

2. கஞ்சா வாதம்

கஞ்சாவுக்கான சட்டம் 1985ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம். ஒரு கிலோ வரை 'சிறிய அளவு', ஓராண்டு வரை சிறை. 20 கிலோவுக்கு மேல் 'வணிக அளவு', குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு. பெரியவர் கேட்ட கடுமை ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கி 'கஞ்சா வேட்டை' என்று தமிழ்நாடு போலீஸ் பல சுற்று நடத்தியும் இருக்கிறது. கடுமை போதாததுதான் பிரச்சினை என்றால் இவ்வளவு வருஷத்தில் பாதியாவது தீர்ந்திருக்க வேண்டாமா?

சட்டத்தை நிதானமாகப் படித்தால் சில வேடிக்கைகள் தெரியும். கஞ்சா என்றால் அந்தச் செடியின் பூக்கும், காய்க்கும் நுனிப்பகுதிதான். நுனி சேராத இலையும் விதையும் கணக்கில் வராது. அதனால்தான் காசியில் லைசென்ஸ் கடையிலேயே பாங்கு விற்கிறார்கள். ஒரே செடிதான். அங்கே சர்பத், இங்கே சிறை.

இன்னொரு வேடிக்கை நம்ம டாஸ்மாக். 2023-24ல் மாநில அரசுக்கு மதுவில் வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். போதைக்கும் வன்முறைக்கும் உள்ள தொடர்பைப் பார்த்த ஆய்வுகளில் மிக உறுதியாகத் தெரிவது மதுவின் தொடர்புதான். கஞ்சாவின் கதை அவ்வளவு தெளிவில்லை. சின்ன வயதில் தொடர்ந்து புகைத்தால் மனநோய் ஆபத்து கூடும் என்பது உண்மை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 'கஞ்சா அடிச்சவன் வெட்டுவான்' என்று சூத்திரம் போடுகிறவர், பக்கத்துத் தெருவில் வரிசை நிற்பதைப் பற்றி மட்டும் பேச மாட்டார். அது எனக்கு இடிக்கிறது.

மூன்றாவது, ஒன்றை அடைத்தால் இன்னொன்று முளைக்கும். 2018ல் டிரமடால் என்ற வலி மாத்திரையை மத்திய அரசு போதைப்பொருள் பட்டியலில் சேர்த்தது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டுச் செய்திகளில் டேபென்டடால் என்ற வேறு வலி மாத்திரையின் பெயர் அடிபட ஆரம்பித்தது. வேண்டும் என்கிற ஆள் இருக்கிற வரைக்கும் பெயர் மாறிக்கொண்டே இருக்கும்.

வேண்டும் என்கிற ஆளை என்ன செய்வது? இதற்கும் அதே சட்டத்தில் வழி இருக்கிறது என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பிரிவு 64ஏ. போதைக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால், சிறிய அளவு வைத்திருந்ததற்கும் உபயோகித்ததற்கும் வழக்கில் இருந்து விலக்கு கிடைக்கும். போர்ச்சுகல் 2001ல் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டு, பிடிபட்டவரை கோர்ட்டுக்குப் பதில் ஒரு ஆலோசனைக் குழு முன்னால் அனுப்பியது. உலகம் முழுக்க அதைப் பேசுகிறார்கள். அந்த அளவுக்குப் போகாவிட்டாலும் நம்ம சட்டத்திலும் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. டீக்கடையில் தூக்குத்தண்டனை பேசுகிற யாராவது 64ஏ பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

3. மூன்று பள்ளிகள்

இப்போது இரண்டு வாதத்தையும் நிஜத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரே மாவட்டம், மூன்று வருஷம், மூன்று பள்ளிச் சம்பவம். பெயர் எதுவும் வேண்டாம், எல்லாம் பிள்ளைகள்.

முதலாவது, 2022 ஏப்ரல். அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஒரு அரசுப் பள்ளி. கையில் கட்டுகிற சாதிக் கயிறு பற்றிய தகராறு. பிளஸ் டூ படித்த பையன் அடிபட்டு, சில நாளில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். அடித்தது கல்லால்.

இரண்டாவது, 2023 ஆகஸ்ட் 9. நாங்குநேரி. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒரு பிளஸ் டூ மாணவனை, அதே பள்ளியில் படித்த ஆதிக்க சாதிப் பையன்கள் ராத்திரி வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதைப் பார்த்த அதிர்ச்சியில் உறவினர் ஒருவர் உயிரே விட்டார்.

மூன்றாவது, 2025 ஏப்ரல் 15. பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளி. எட்டாம் வகுப்பு. புத்தகப் பையில் அரிவாள் கொண்டுவந்து ஒருவன் வகுப்புத் தோழனை வெட்டினான். தடுத்த ஆசிரியைக்கும் காயம். மூலம், ஒரு பென்சிலை ஒட்டி எழுந்த தகராறு என்று செய்திகள் சொல்லின.

கஞ்சா வாதத்தை இதில் பொருத்துங்கள். முதல் இரண்டிலும் பேசப்பட்டது சாதி, மூன்றாவதில் பென்சில். அரிவாள் வாதத்தைப் பொருத்துங்கள். மூன்றில் உயிர் போன மாணவன் கல்லால் அடிபட்டவன். கல்லுக்கு எந்த லைசென்ஸ் போட முடியும்?

என் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சர்வர் படுத்துவிட்டால் யார் மேல் பழி போடலாம் என்று பார்ப்பதற்கு முன்னால், எச்சரிக்கை எப்போது வந்தது, அதை யார் பார்த்தார்கள், பார்த்துவிட்டு என்ன செய்தார்கள் என்று நேர வரிசையில் எழுதுவோம். முக்கால்வாசி நேரம் எச்சரிக்கை முன்னாலேயே வந்திருக்கும். இந்த மூன்றையும் அப்படி எழுதிப் பார்த்தேன்.

கயிறு: 2019 ஜூலை கடைசியிலேயே பள்ளிக் கல்வி இயக்குநரகம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. பிள்ளைகள் சாதி அடையாளமாகக் கலர் கயிறு கட்டுகிறார்கள், அப்படிப்பட்ட பள்ளிகளைக் கண்டுபிடித்துத் தடுங்கள் என்று. எதிர்ப்பு கிளம்பியது. அப்போதைய அமைச்சர், சுற்றறிக்கை தனக்குத் தெரியாமல் போனது, பழைய நிலையே தொடரும் என்று சொல்லிவிட்டார். அதற்கு மூன்று வருஷம் கழித்து ஒரு பையன் கயிற்றுச் சண்டையில் செத்தான்.

நாங்குநேரி: அந்த மாணவன் துன்புறுத்தல் தாங்காமல் பள்ளிக்கு வராமல் இருந்தான். ஏன் வரவில்லை என்று விசாரித்தபோது சொன்னான். புகார் பள்ளிக்குப் போனது. அதற்குப் பிறகுதான் வெட்டு. அதாவது புகார் கொடுத்தவனைப் பாதுகாக்க ஒரு ஏற்பாடும் இல்லாமல், புகார் கொடுத்தான் என்ற தகவல் மட்டும் போய்ச் சேர்ந்தது.

பாளையங்கோட்டை: பென்சில் தகராறுக்கும் வெட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு மாசம்.

மூன்று வருஷம், சில மணி நேரம், ஒரு மாசம். நம்ம விவாதத்தில் காணாமல் போவது இந்த இடைவெளிதான். கஞ்சா, அரிவாள் இரண்டும் வெட்டு விழுந்த நிமிஷத்தைப் பற்றிய பேச்சு. அதற்கு முன்னால் இருந்த நாட்களைப் பற்றிப் பேசினால், பள்ளியையும் பெற்றோரையும் ஊரையும், அதாவது நம்மளையே, கேள்வி கேட்க வேண்டிவரும். கஞ்சாக்காரனும் கூலிப்படைக்காரனும் வெளியாள். அவனைத் திட்டுவது சுலபம்.

4. என் பங்கு

இதை எழுதும்போது என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. 1995-96ல் தென் மாவட்டங்கள் சாதிக் கலவரத்தில் எரிந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். பஸ் ஓடாத நாட்கள் பல. எங்கள் வகுப்பில் ஒருவன் மேஜைக்குள் கத்தி வைத்திருந்ததைப் பார்த்தேன். ஒரு வாத்தியாரிடம் போய்ச் சொன்னேன். "ஒனக்கு எதுக்குலே இந்த வேல? படிக்க வந்தா படிச்சிட்டுப் போ" என்றார். அவருக்கும் பயம் இருந்திருக்கும், இப்போது புரிகிறது. நான் அதற்குப் பிறகு எதையும் யாரிடமும் சொன்னதில்லை. அந்த வருஷம் இன்னொருவன் பள்ளிக்கு வருவதை நிறுத்தினான். ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். அதையும் நான் சொல்லவில்லை. கத்தி யார் மேலும் படவில்லை, அதனால் அது சம்பவம் ஆகவில்லை. ஆனால் ஒருத்தன் படிப்பு போச்சு.

1997ல் அரசு ஒரு காரியம் செய்தது. தலைவர்கள் பெயரால் நடந்த கலவரத்தைத் தொடர்ந்து, போக்குவரத்துக் கழகங்களில் இருந்தும் மாவட்டங்களில் இருந்தும் எல்லாத் தலைவர் பெயரையும் எடுத்துவிட்டது. நல்ல முடிவுதான். பஸ் பெயருக்கான சண்டை நின்றது. ஆனால் பஸ்ஸில் இருந்து இறங்கிய அடையாளம் பிள்ளைகள் மணிக்கட்டில் ஏறிக்கொண்டது.

நாங்குநேரிக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூன் 18 அன்று அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயரில் இருக்கும் சாதியை எடுப்பது, கயிறு முதலான அடையாளங்களைத் தடுப்பது, அந்தந்த வட்டாரத்தின் ஆதிக்க சாதி ஆசிரியர்களே அங்கு குவியாமல் இடமாற்றம் செய்வது, 500 மாணவர்களுக்கு மேல் உள்ள பள்ளிகளில் நல அலுவலர் நியமிப்பது என்று நிறையப் பரிந்துரைகள். வெளியே சண்டை நடந்தது எதன் மேல் தெரியுமா? கயிறு, திலகம் மேல். நல அலுவலர் பற்றி யாரும் தெருவில் இறங்கவில்லை. எனக்கு அந்த அறிக்கையிலேயே முக்கியமாகப் படுவது அதுதான். ஒரு பிள்ளை பயந்துபோய்ப் பேசும்போது கேட்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஒரு ஆள், தலைமை ஆசிரியருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் கட்டுப்படாத ஒரு ஆள். அறிக்கையில் எனக்கு ஒரு குறை உண்டு. பரிந்துரைகளில் தடைகளின் சத்தம் அதிகம், புகார் சொன்ன பிள்ளையை அன்று ராத்திரி யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போகிறது.

பாளையங்கோட்டைச் சம்பவத்துக்குப் பிறகு பள்ளிகளில் பையைச் சோதிக்க ஆரம்பித்தார்கள். என் மகனும் எட்டாம் வகுப்புதான். பையைச் சோதிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அவன் பயத்தோடு ஒரு விஷயம் சொன்னால் 'ஒனக்கு எதுக்குலே' என்று சொல்லாத ஒருவர் அங்கே இருக்கிறாரா என்பதுதான் என் கவலை. அதைப் பெற்றோர் கூட்டத்தில் கேட்டேன். எல்லோரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். அடுத்த கூட்டத்திலும் கேட்கப்போகிறேன்.

கிளம்புகிற அன்று அதே டீக்கடைக்குப் போனேன். பெரியவர் இருந்தார். நான் எழுதி வைத்திருந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். முழுசும் கேட்டுவிட்டு, "அது சரி தம்பி, ஆனா கஞ்சாவும் ஒரு காரணம்தான்" என்றார். "இருக்கட்டும் பெரியவரே, அதையும் பிடிக்கட்டும். ஆனா அடுத்த தடவ இந்த மாதிரிச் செய்தி வந்தா, முதல்ல ஒண்ணு கேளுங்க. இது நடக்கப்போகுதுன்னு யாருக்குத் தெரியும், தெரிஞ்சவங்க யார்கிட்ட சொன்னாங்கன்னு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சொன்னா யாரு கேக்கா?" என்றார்.

அதைத்தான் நானும் இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருந்தேன்.